பாதியில் அறுந்த ஆர்ப்போ

விலாசினியின் முகம் தெரியாதவர்கள் எங்கள் காயல் பக்கத்தில் நிறைய உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. கோவில் உற்சவம், மாதா கோவில் பெருநாள், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, சாவு அறிவிப்பு, எதுவானாலும் அவள் பேசிப் பதிவு செய்ததை அவள் கணவன் சுகதன் தன் மோட்டார் வள்ளத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, கால்வாய் கால்வாயாகக் கொண்டுபோவான். போன பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டில் நின்ற இரண்டு பேருக்குமே அவள்தான் ஓட்டுக் கேட்டாள். காலையில் ஒருவருக்கு, சாயங்காலம் இன்னொருவருக்கு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தோற்றவர்கூட, "உன் மேல குறையே இல்ல விலாசினி. எனக்குத்தான் நீ உருக்கமாக் கேட்ட" என்றார்.

அந்தத் தேர்தல் அவள் தொண்டையை வாங்கிவிட்டது. ஆலப்புழை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே வீங்கியிருக்கிறது, ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார். சமையலறையிலிருந்து கரண்டியால் தட்டிக் கூப்பிடுவாள். சுகதன் ஊரெல்லாம் போய், "இப்பத்தான் எங்க வீட்ல நான் பேசறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் அவள் தூங்காமல் கூரையைப் பார்த்துக் கிடப்பதை அவன் கவனித்தான். குரல் திரும்பி வராவிட்டால் என்ன என்ற கேள்வியை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த மாதத்தில்தான் பேபிச்சன் அந்த வேலையைச் செய்தார். படகுத்துறையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் அவர். விலாசினியின் எல்லாப் பதிவும் அங்கேதான் நடக்கும். ஜவுளிக்கடைக்காரர் விலாசினி குரல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றபோது, பேபிச்சன் பழைய பதிவுகளிலிருந்து அவள் பேசியதைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிப் புது அறிவிப்பு ஒன்று தயார் பண்ணிவிட்டார். விலாசினி படித்துறையில் உட்கார்ந்து கரிமீன் கழுவிக்கொண்டிருந்தாள். கால்வாய் வளைவில் வேறு யாருடைய வள்ளமோ வந்தது. அதிலிருந்து அவள் குரலே, புடவைகள், வேட்டிகள், பாதி விலை என்று குதூகலமாகக் கூவிவிட்டு, கடைசியில் நெஞ்சு கனக்கும் தழுதழுப்போடு, "அனைவரும் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்றது. அந்தக் கடைசி வரி யாரோ ஒருவருடைய சவ அடக்கத்துக்குப் பேசியது.

அவள் கையைக்கூடக் கழுவாமல் படகு ஏறித் துறைக்குப் போனாள். பேசக் கூடாதே! கையை ஆட்டி, நெஞ்சைத் தட்டி, ஸ்பீக்கரைக் காட்டி, கழுத்தை அறுப்பது போலக் காட்டினாள். பேபிச்சன் திகைத்துப்போய் ஆள் அனுப்பி அவளுக்கு டீ வரவழைத்தார். மாதம் முடிந்து டாக்டர் பேசலாம் என்று சொன்ன அன்று, அவள் முதலில் பேசியது பேபிச்சனிடம்தான், போனில்.

"நான் வாயைத் திறக்காம இருக்கறப்ப என்னைப் பேச வெக்க நீங்க யாரு அச்சாயா?"

"உனக்கு ஒரு வரும்படி ஆகட்டும்னுதானே பொண்ணே செஞ்சேன்..."

"எனக்கு வேணாம். இனிமே உங்க படியேற மாட்டேன்."

அப்படித்தான் வீட்டிலேயே பதிவு செய்வது என்று முடிவாயிற்று. சுகதனின் தங்கை மகள் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்று அலமாரி மேல் இருந்தது. ஒரு மைக்கும் ஹெட்போனும் புதிதாக வாங்கினார்கள். முதல் வேலையும் தானாகவே தேடி வந்தது. எங்கள் கரையின் படகுப் போட்டி, ஓணம் கழிந்து நடப்பது. சங்கத்துச் செயலாளர் ஜோப்பன் வந்து எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு, "ஆரம்பத்துல உன் ஆர்ப்போ வேணும் விலாசினி. நீ இழுக்கிற இழுப்புல கரையில நிக்கறவனுக்கு மயிர்க்கூச்செறியணும். வெள்ளிக்கிழமை வள்ளம் கிளம்பிடணும்" என்று சொல்லிப் போனார்.

படகுப் போட்டியில் ஒருவர் "ஆர்ப்போ" என்று நீட்டி முழங்க வேண்டும். கூட்டம் "இர்ரோ" என்று பதில் போட வேண்டும். அந்த நீட்டலில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் நாள் மைக்கில் என்ன பேசினாலும் கிணற்றுக்குள் இருந்து கேட்டது. சுகதன் மைக்கைத் தட்டினான், ஊதினான், ஒயரைக் கழற்றி மாட்டினான். கடைசியில் மைக்கைத் தட்டும்போது ஒன்றும் கேட்காமல், திரைக்கு மேலே இருந்த கேமராவைத் துடைக்கும்போது கரகர என்று கேட்டதும்தான் விஷயம் புரிந்தது. கம்ப்யூட்டர் புது மைக்கைக் கண்டுகொள்ளவே இல்லை. கேமராவுக்குள் இருக்கும் குட்டி மைக்கின் வழியாகத்தான் இத்தனை நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"வாசல்ல வந்து நிக்கற விருந்தாளியை விட்டுட்டு, ஜன்னல்ல எட்டிப் பாக்கறவன்கிட்டப் பேசிட்டு இருந்திருக்கு" என்றாள் விலாசினி.

செட்டிங்ஸில் போய்ப் புது மைக்கைத் தேர்ந்தெடுத்ததும் குரல் பளிச்சென்று வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. கால்வாய்க்கு அக்கரையில் வயல் தண்ணீரை இறைக்கிற பெரிய மோட்டார், ராத்திரி பகல் ஓடுவது. அதன் உறுமல் அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் நின்றது. ஜன்னலை அடைத்தார்கள். மெத்தையைச் சுவரில் சாய்த்தார்கள். கொடி கட்டி அவளுடைய புடவைகளையெல்லாம் சுற்றித் தொங்கவிட்டார்கள். அறையின் எதிரொலி நின்றது. மோட்டார் நிற்கவில்லை.

மறுநாள் விலாசினி ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது சுகதன் வாசலிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"வா, வந்து கேளு. உன் புருஷன் மோட்டாரை முழுங்கிட்டான்."

உண்மைதான். ஹெட்போனில் அவன் பேசியது மட்டும் கேட்டது. பின்னால் ஒரு பொட்டுச் சத்தமில்லை. "என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டாள். மைக்கின் செட்டிங்ஸுக்குள் நாலைந்து கட்டங்கள் இருந்தன, பார்க்க நல்லதாகத் தோன்றியதையெல்லாம் டிக் அடித்தேன் என்றான். அவள் அவன் கன்னத்தைக் கிள்ளினாள். அன்றைக்குப் பாயசம்கூட வைத்தாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் சீரகத் தண்ணீர் குடித்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, புடவைகளுக்கு நடுவே உட்கார்ந்து, நிறைய மூச்சு எடுத்து ஆர்ப்போ சொன்னாள்.

திரும்பப் போட்டுக் கேட்டார்கள். "ஆர்ப்போ" என்று கம்பீரமாகக் கிளம்பிய குரல், நீளத் தொடங்கியதுமே இறங்கி இறங்கி, தண்ணீரில் அமுங்கியது போல் காணாமல் போயிற்று.

இன்னொரு தடவை சொன்னாள். அப்படியேதான் வந்தது. மைக்கை நெருங்கி உட்கார்ந்து சொன்னாள், எழுந்து நின்று சொன்னாள். பேச்சு முழுக்க நன்றாக இருந்தது. தேதி, இடம், படகுகளின் பெயர், எல்லாம் கணீர் என்று வந்தன. நீட்டிய இடங்கள் மட்டும் பாதியில் அறுந்தன.

விலாசினி ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். "தொண்டைதான்" என்றாள் மெதுவாக.

"சும்மா இரு. எனக்கு இங்க நல்லாத்தானே கேட்டுது?"

"நீங்க என் புருஷன். உங்களுக்கு நல்லாத்தான் கேக்கும். மிஷினுக்கு என்ன, என் மேல ஆசையா? உள்ளதைச் சொல்லுது."

அவள் எழுந்து போய் அடுப்படியில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். வேறு எதற்காவது கண்ணில் தண்ணீர் வந்தாலும் யாருக்கும் தெரியாது. சுகதன் பின்பக்கம் தென்னை மரத்தடிக்குப் போய், சத்தம் காட்டாமல் பேபிச்சனுக்குப் போன் போட்டான்.

பேபிச்சன் மதியப் படகில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை, கழுத்தில் தன்னுடைய பெரிய ஹெட்போன். வேட்டியை மடித்துக் கட்டியபடி வாசலிலேயே நின்றார்.

"உள்ள வரலாமா, வேணாமா?"

விலாசினி அடுப்படியிலிருந்தே சுகதனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து அவன் தென்னை மரத்தைப் பார்த்தான்.

"வந்தவரை வெயில்ல நிக்க வெக்கற வழக்கம் இந்த வீட்ல இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

பேபிச்சன் புடவைக் கூடாரத்துக்குள் நுழைந்து, "நல்ல கல்யாண மண்டபமா இருக்கே" என்றார். எல்லாவற்றையும் போட்டுக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு பல தடவை கேட்டார். அக்கரை மோட்டாரின் உறுமலில் பேச்சு காதில் விழாததால், எல்லாரும் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என் ஸ்டுடியோல ரெக்கார்ட் பண்ணுனாக்கூட இவ்வளவு சுத்தமா வராது சுகதா! பின்னால ஒரு ஈ பறக்கற சத்தம் இல்ல!"

"எல்லாம் நம்ம கைவேலை அச்சாயா!"

"ஆனா அந்த ஆர்ப்போ..." பேபிச்சன் தயங்கினார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் மென்மையாக்கிக்கொண்டார், கத்திக்கொண்டேதான். "பொண்ணே, கோவப்படாத. பெரிய கஷ்டத்துல இருந்து எந்திரிச்சு வந்திருக்க. மூச்சு இன்னும் முழுசா நிக்கல. போன வருஷ ஆர்ப்போ என்கிட்ட இருக்கு. அதை எடுத்து இதுல ஒட்டிடலாம். ஒருத்தனுக்கும் தெரியாது!"

வெங்காயம் உரிக்கும் கை நின்றது. விலாசினி கத்தியோடு எழுந்து வந்தாள்.

"மறுபடியும் ஒட்டு வேலையா? போன வருஷ விலாசினிதான் வேணும்னா அவளையே கூப்பிட்டு வேலை வாங்கிக்கோங்க. நான் எதுக்கு?"

"என்ன சொல்ற? கேக்கலை! இந்த மோட்டார்..."

"நான் எதுக்குன்னு கேட்டேன்! மோட்டார்..."

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். கத்தியைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

"சேட்டா" என்றாள் சுகதனிடம், "நாம எதுக்கு இப்படிக் கத்திக்கிட்டு இருக்கோம்?"

"மோட்டார் சத்தத்துல காது கேக்க மாட்டேங்குதே, அதான்."

"நான் ஆர்ப்போ சொன்னப்பவும் இந்த மோட்டார் ஓடுச்சுல்ல?"

"அது எப்பவும்தான் ஓடுது."

"அப்ப அது எங்க போச்சு?"

விலாசினி ஹெட்போனை எடுத்து மாட்டி, பேச்சு தொடங்குவதற்கு முன்னால் இருந்த வெற்று இடத்தைப் போட்டுக் கேட்டாள். சுத்தமான அமைதி. ஹெட்போனைக் கழற்றினாள். வீடே அதிர உறுமல்.

"நீங்க மோட்டாரை முழுங்கலை" என்றாள் சுகதனிடம். "இந்த மிஷின் முழுங்கியிருக்கு. எது விடாம ஒரே மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கோ, அதெல்லாம் இதுக்கு மோட்டார். விட்டு விட்டுப் பேசினா மனுஷி. நீட்டுனா நானும் மோட்டார்!"

பேபிச்சன் நெற்றியில் அடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எடா சுகதா, என்னத்தையெல்லாம் டிக் அடிச்சு வெச்ச? காட்டு!" செட்டிங்ஸுக்குள் செட்டிங்ஸாகப் போய் அந்தக் கட்டங்களைக் கண்டுபிடித்தார். இரைச்சலைக் குறைப்பது ஒன்று, எதிரொலியை வெட்டுவது ஒன்று, சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்குவது ஒன்று. போனில் பேசுகிறவர்களுக்கு அதெல்லாம் நல்லது. ஆர்ப்போ சொல்கிறவளுக்கு ஆகாது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "சும்மா ஒண்ணு சொல்லிப் பாரு" என்றார்.

அவள் மைக் முன்னால் உட்காரத் தயங்கினாள். தப்பு மிஷினில் இல்லை என்று ஆகிவிட்டால்? பிறகு சின்னதாக, அடிக்குரலில் ஒரு ஆர்ப்போ சொன்னாள். போட்டுக் கேட்டார்கள். குரல் நீண்டது. நீண்டுகொண்டே போய், அவள் விட்ட இடத்தில் தானாகப் போய் நின்றது. பின்னால் மோட்டார் காட்டுத்தனமாக உறுமிக்கொண்டிருந்தது, ஆனால் அதற்கு மேலே குரல் முழுதாக இருந்தது.

சுகதன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். விலாசினி அதே துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"அழுகையெல்லாம் அப்புறம்" என்றார் பேபிச்சன். "இந்த மோட்டாரோட எப்படிப் பதிவு பண்றது?"

"குட்டப்பன் சேட்டாகிட்டக் கேட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னாப் போதும்" என்றான் சுகதன். அக்கரை மோட்டார்க் கொட்டகையில் காவல் இருப்பவர் குட்டப்பன். போன் எல்லாம் அவரிடம் இல்லை. "நான் வள்ளத்துல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"எதுக்கு வள்ளம்?" என்றாள் விலாசினி.

படித்துறையில் இறங்கி, கடைசிப் படியில் தண்ணீர் காலை நனைக்க நின்றாள். டாக்டர் சொன்னது போல வயிற்றிலிருந்து மூச்சைப் பிடித்து, கையை வாயருகே குவித்து, அக்கரையைப் பார்த்து ஒரு ஆர்ப்போ விட்டாள். அது கால்வாயைத் தாண்டி, மோட்டார் உறுமலைத் தாண்டி, வயல் வரப்பில் நின்ற வாத்துக் கூட்டத்தைக் கலைத்துக்கொண்டு போயிற்று. கொட்டகைக்குள்ளிருந்து குட்டப்பன் வெளியே வந்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. பழக்கதோஷம். இரண்டு கையையும் தூக்கி, "இர்ரோ!" என்றார். அவர் மட்டும் இல்லை, வளைவில் போய்க்கொண்டிருந்த வைக்கோல் வள்ளத்திலிருந்தும் ஒரு இர்ரோ வந்தது.

"மோட்டாரை நிறுத்துங்க சேட்டா! கொஞ்ச நேரம்!"

"உனக்கில்லாததா! ஆனா போட்டியன்னிக்கு என் பேரையும் மைக்ல சொல்லணும்!"

"என்னன்னு சொல்றது?"

"மோட்டார் நிறுத்தியவர் குட்டப்பன்னு சொல்லு!"

மோட்டார் அடங்கியதும் எங்கள் கரையே புதிதாக இருந்தது. யார் வீட்டிலோ தேங்காய் துருவுவதுகூடக் கேட்டது. மூன்று பேரும் ஓடிப்போய்ப் புடவைகளுக்குள் புகுந்துகொண்டார்கள். பேபிச்சன் ஹெட்போனை மாட்டிக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை உடனே இறக்கினார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. கொசு மாதிரி. ங்ங்ங்னு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"மைக்குக்குக் கேக்குது."

அவர் நாய் மோப்பம் பிடிப்பது போலத் தரையில் மண்டியிட்டு ஒயர்களைப் பிடித்துக்கொண்டே போனார். மேஜைக்கு அடியில், ஸ்பீக்கர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பழைய பெட்டி ஒன்று சூடாகக் கிடந்தது. மைக் ஒயர் அதன் மேலேயே சுருண்டு படுத்திருந்தது. அவர் பிளக்கைப் பிடுங்கி, ஒயரை எடுத்து எதிர்ப்பக்கமாகப் போட்டார். கொசு செத்தது.

"இதைக் கண்டுபிடிச்சுக் குடுத்ததுக்காச்சும் பாதி மன்னிப்பு உண்டா?" என்று கேட்டார், மேஜைக்கு அடியிலிருந்தே.

விலாசினி சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். "மீதிப் பாதிக்கு, ஒட்டுன துண்டையெல்லாம் அழிச்சிடணும். என் குரல் வேணும்னா என்னைக் கேளுங்க. பேச முடியலைன்னா முடியலைன்னு சொல்வேன்."

"சைகையில சொல்லாத பொண்ணே. அன்னிக்கு நீ காட்டுனது, டீ வேணும்னு நெனைச்சுட்டேன்."

"கழுத்தை அறுக்கற மாதிரிக் காட்டுனேன்!"

"சர்க்கரை கம்மியா வேணும் போலன்னு நெனைச்சேன்."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் சிரித்து முடிக்கும் வரை நல்ல அமைதி வீணாய்ப் போயிற்று. பிறகு அவள் தண்ணீர் குடித்து, கண்ணை மூடி, முதல் தடவையிலேயே முழுதாகச் சொல்லி முடித்தாள். ஆர்ப்போ, தேதி, இடம், எட்டுக் கரைகளின் படகுகள், பரிசு வழங்க வரும் எம்.எல்.ஏ.யின் பெயர், எல்லாமே ஒரே மூச்சில் ஓடியது போல் இருந்தது. கடைசி வரி முடிந்தபோது பேபிச்சன் ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் கரகரப்பு இருக்கு" என்றார். "முன்னால இல்லாதது. அது இருக்கட்டும். நல்லா இருக்கு."

"அதை மிஷின்ல எடுத்துடலாமா?" என்று கேட்டான் சுகதன்.

"இந்த வீட்ல இனிமே எதையும் எடுக்கறதில்ல" என்றாள் விலாசினி.

அக்கரையில் மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. பேபிச்சனுக்கு இலை போட்டாள். மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும். இனிமேல் குரல் இங்கே பதிவு செய்வது, செண்டை மேளமும் பின்னணியும் அவர் ஸ்டுடியோவில் சேர்ப்பது என்று சாப்பிடும்போதே பேசி முடித்தார்கள். அவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டபோது சுகதனின் போன் அடித்தது. சங்கத்து ஜோப்பன்.

சுகதன் கேட்டுக்கொண்டே இருந்தான். "சரி... சரி... எப்ப முடிவாச்சு?" என்றான். போனை வைத்துவிட்டு இலையில் இருந்த கிழங்கைப் பிசைந்தான்.

"என்ன?" என்றாள் விலாசினி.

"எம்.எல்.ஏ. வரலையாம். கலெக்டரம்மா வராங்களாம். பேரை மாத்தணும்."

பேபிச்சன் வாயைத் திறந்தார். ஏதோ யோசனை சொல்ல வந்தவர், விலாசினியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிழங்குத் துண்டைப் போட்டு வாயை மூடிக்கொண்டார்.

அவள் எழுந்து கை கழுவினாள். கோபமே வரவில்லை. இன்னொரு தடவை சொல்லலாம் என்பதே நல்ல விஷயமாகப் பட்டது. முந்தானையில் கையைத் துடைத்தபடி படித்துறைப் பக்கம் நடந்தாள்.

"நீங்க மெதுவாச் சாப்பிடுங்க அச்சாயா" என்றாள். "நான் குட்டப்பன் சேட்டாவை எழுப்பிட்டு வரேன்."